நானூற்றைம்பது டாலர் சிரிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு சண்டை. வழக்கமாக சண்டை வருவது பாத்திரம் தேய்ப்பதில்தான். இந்த முறை நாடக டிக்கெட் விலையில். சாம்பார் அடிப்பிடிக்கும் வரை நீண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் டைம்ஸ் ஸ்கொயர். பிராட்வே நாடக அரங்குகள் எல்லாம் அதைச் சுற்றித்தான். பாட்டும் ஆட்டமும் ஜோக்கும் கலந்த மியூசிக்கல் காமெடி என்றால் எனக்கு உயிர். ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்தால் அந்த உயிரே போய்விடும். இதைத்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். என் அறைத்தோழன் இண்டஸ்ட்ரியல் என்ஜினியரிங் படிப்பவன், எல்லாவற்றையும் எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பார்ப்பவன். அவன் சொன்னான்: "மச்சி, செட்டுக்கே கோடி கோடியா கொட்டுறான். விலை வைக்காம என்ன பண்ணுவான்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் நினைப்பதும் இதுதான்: தயாரிப்பு பிரம்மாண்டம், அதனால் டிக்கெட் விலை அதிகம். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஏன் என்று சொல்ல பழைய கதை ஒன்று வேண்டும்.

மெல் புரூக்ஸ் என்று ஒரு நகைச்சுவை மேதை. அறுபதுகளில் அவர் எடுத்த 'தி ப்ரொட்யூசர்ஸ்' படத்தையே 2001 ஏப்ரலில் பிராட்வே மேடைக்குக் கொண்டு வந்தார். நாடகத் தயாரிப்பாளர் ஒருவரும் கணக்குப்பிள்ளை ஒருவரும் வேண்டுமென்றே ஊத்திக்கொள்ளும் நாடகம் ஒன்றைப் போட்டு, முதலீடு செய்த பாட்டிமார்களின் பணத்தைச் சுருட்டப் பார்ப்பதுதான் கதை. சுருட்டும் கதை சூப்பர் ஹிட். 12 டோனி விருது, இன்றுவரை அதுதான் சாதனை. டிக்கெட் கிடைக்கவில்லை. கள்ளச் சந்தைக்காரர்கள் 100 டாலர் டிக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். தயாரிப்பாளர்கள் யோசித்தார்கள். அந்தப் பணம் ஏன் தெருவில் நிற்பவனுக்குப் போக வேண்டும்? நாமே வாங்கினால் என்ன? 2001 அக்டோபரில், காட்சிக்குச் சுமார் 50 நல்ல இருக்கைகளுக்கு 480 டாலர் என்று விலை வைத்தார்கள். பிராட்வேயில் 'பிரீமியம்' இருக்கை என்ற சமாச்சாரம் நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

இதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை (உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்). பிளாக்கில் விற்பவன் நாடகத்துக்கு ஒரு ஆணிகூட அடித்ததில்லை. எழுதியவருக்கும் ஆடியவருக்கும் பங்கு போகும் என்றால் போகட்டுமே. கவனிக்க வேண்டியது வேறு. 480 டாலர் என்ற விலையை செட்டின் செலவு கொண்டு வரவில்லை. ஏப்ரலில் இருந்த அதே செட்தான் அக்டோபரிலும். மாறியது வாசலில் நின்ற கூட்டம்.

இப்போது இரண்டாம் பாகம். ஆறு வருடம் கழித்து அதே மெல் புரூக்ஸ், அதே இயக்குநர் சூசன் ஸ்ட்ரோமன், 'யங் ஃப்ராங்கன்ஸ்டைன்' என்ற புது மியூசிக்கல் காமெடியோடு வந்தார்கள். 2007 நவம்பர் 8-ம் தேதி, சுமார் 1,800 பேர் உட்காரும் ஹில்டன் அரங்கில் திறந்தது. செலவு 1 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல். கோட்டை, ஆய்வுக்கூடம், மின்னல் எல்லாம் உண்டு. இந்த முறை கூட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நாடகம் திறப்பதற்கு முன்பே மிக நல்ல இருக்கைகளுக்கு 450 டாலர், அடுத்த தரத்துக்கு 375 டாலர் என்று அறிவித்தார்கள். ஹிட் ஆன பிறகு வைத்த விலையை, ஹிட் ஆவதற்கு முன்பே வைத்துவிட்டார்கள்!

நம்ம கணக்கில் சொல்கிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு இன்று மணிக்கு 16 டாலர். 450 டாலர் என்றால் 28 மணி நேரம். எங்கள் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. ஆக ஒன்றரை வாரம் புத்தகம் அடுக்கினால் இரண்டரை மணி நேரம் சிரிக்கலாம். அதுவும் 2007 விலையில்.

அப்புறம் என்ன ஆயிற்று? விமர்சனங்கள் ஒன்றும் தூக்கிக் கொண்டாடவில்லை. அதே நவம்பரில் மேடைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம். பிராட்வேயின் பெரும்பாலான அரங்குகள் 19 நாள் மூடிக் கிடந்தன. ஹில்டனுக்குத் தனி ஒப்பந்தம் என்பதால் அங்கே நாடகம் ஓடியது. போட்டிக் கடைகள் பாதிக்கு மேல் சாத்தியிருந்த நேரத்தில் திறந்திருந்த கடை! மற்ற நாடகங்கள் வாரா வாரம் வசூலை வெளியிட, இவர்கள் மட்டும் வெளியிட மாட்டோம் என்றார்கள். 2009 ஜனவரி 4-ம் தேதி, 485 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். 'தி ப்ரொட்யூசர்ஸ்' ஓடியது 2,502 காட்சிகள்.

ஒரு கொசுறு: அதே அரங்குக்குப் பிறகு வந்த ஸ்பைடர்மேன் நாடகம், பிராட்வேயில் யாரும் பார்த்திராத அளவுக்குச் சுமார் ஏழரைக் கோடி டாலரை விழுங்கிவிட்டு 2014-ல் மூடியது. தேதி? அதுவும் ஜனவரி 4. அந்தக் கட்டிடத்துக்கு ஜனவரி 4 ஆகாது போலிருக்கிறது :-)

இங்கே என் நண்பன் குறுக்கிட்டான். "ஒரு ஃபிளாப்பை வச்சுப் பேசாதே. செலவு ஏறுது, அது உண்மையா இல்லையா?"

உண்மைதான். இதை 1966-லேயே பொருளாதார அறிஞர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவெனும் புத்தகமாகவே எழுதிவிட்டார்கள். நான்கு பேர் வாசிக்கும் ஓர் இசைத்துண்டுக்கு அன்றும் நான்கு பேர் வேண்டும், இன்றும் நான்கு பேர் வேண்டும். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒருவர் பத்துப் பேர் வேலை செய்வார். வயலினை இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் மற்ற தொழில்களில் கூலி ஏற ஏற, வயலின்காரருக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும், அவருக்கும் வாடகை இருக்கிறதே. அதனால் மேடைக் கலைக்கு ஆகும் செலவு மற்றவற்றை விட வேகமாக ஏறிக்கொண்டே போகும். ஆர்க்கெஸ்ட்ராவில் இருப்பவர், திரைக்குப் பின்னால் கயிறு இழுப்பவர், உடை தைப்பவர் எல்லோருக்கும் ஒழுங்கான சம்பளம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அதற்காக டிக்கெட் பத்து இருபது டாலர் ஏறினால் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பேன்.

ஆனால் இந்தக் கணக்கு 100 ஏன் 120 ஆகிறது என்று சொல்லுமே தவிர, 450 எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அடுத்த இருக்கைக்காரர் பார்ப்பதும் அதே செட், கேட்பதும் அதே வயலின்.

அதோடு காமெடிக்கு அந்த செட் தேவையா என்பதே எனக்குச் சந்தேகம். 'யங் ஃப்ராங்கன்ஸ்டைன்' முதலில் 1974-ல் வந்த படம். கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்று புரூக்ஸ் அடம் பிடித்ததால் ஒரு கம்பெனியே கைகழுவியது, வேறு கம்பெனிக்குப் போய் எடுத்தார். செலவு 30 லட்சம் டாலருக்குள். அந்தப் படத்தில் பொறி பறக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று வருமே, அந்தக் கருவிகள் புதிதாகச் செய்தவை இல்லை. 1931-ல் வந்த அசல் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்துக்குக் கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் என்பவர் செய்தவை. மனுஷன் நாற்பது வருடம் கழித்தும் அவற்றைத் தன் வீட்டுக் கராஜில் பத்திரமாக வைத்திருந்தார். புரூக்ஸ் போய் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அது பழைய பேய்ப்படத்தின் அதே சாமான் என்பதே ஒரு ஜோக். கராஜிலிருந்து வந்த சாமான் செய்த வேலையை, கோடிக்கணக்கில் புதிதாகச் செய்த சாமான் செய்யவில்லை. மேடையில் அந்த ஆய்வுக்கூடம் வந்தால் கைதட்டுவார்கள், சரி. கைதட்டு வேறு, சிரிப்பு வேறு. 'வாவ்' என்று வாயைப் பிளந்தவன் அந்த நொடியில் சிரிப்பதில்லை.

சிரிப்பு என்பது ஒட்டுவாரொட்டி. முதல் வரிசையில் ஒருவன் குபீரென்று சிரித்தால் அது பின்வரிசை வரை வரும். நடிகரும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அடுத்த வசனத்தை எப்போது விடுவது என்று முடிவு செய்கிறார். அப்படியானால் முதல் வரிசையில் யார் இருக்க வேண்டும்? சினிமாவில் முன்வரிசைதான் மலிவு, விசில் கிளம்புவதும் அங்கிருந்துதான். நாடகத்தில் நேர் எதிர். 450 டாலர் கொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு 'எங்கே, சிரிக்க வை பார்ப்போம்' என்று உட்கார்ந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? நானாயிருந்தாலும் ஒவ்வொரு ஜோக்குக்கும் எத்தனை டாலர் என்று மனதுக்குள் வகுத்துக்கொண்டுதான் இருப்பேன்.

இதைப் புரிந்துகொண்டவர்களும் பிராட்வேயில் இருந்திருக்கிறார்கள். 1996-ல் 'ரெண்ட்' வந்தபோது முதல் இரண்டு வரிசைகளை 20 டாலருக்குக் கொடுத்தார்கள். அதற்காக மாணவர்கள் நடைபாதையில் ராத்திரி படுத்துக் கிடந்ததால் பிறகு குலுக்கல் முறைக்கு மாற்றினார்கள். அது காமெடி இல்லைதான். ஆனால் நாடகத்தை உயிராக நினைப்பவனை மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் அரங்கமே சூடாகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2016-ல் 'ஹாமில்டன்' உச்ச விலையை 849 டாலராக ஏற்றியபோது, 10 டாலர் குலுக்கல் இருக்கைகளை 46 ஆக உயர்த்தியது. (பத்து டாலர் நோட்டில் இருக்கும் படம் ஹாமில்டன்தான், அதனால் அந்த விலை.) இப்படி ஒரு கையால் வாங்கி மறுகையால் கொடுத்தால் 849-ஐக்கூட நான் மன்னிப்பேன்.

நான் 2025-ல் 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' பார்த்தேன். ஐம்பது டாலருக்குள் கிடைத்த டிக்கெட். 1943-ல் பிரிட்டிஷ் உளவுத்துறை ஒரு பிணத்துக்கு அதிகாரி உடை மாட்டி, பொய்க் கடிதங்களை வைத்து, ஸ்பெயின் கடற்கரையில் ஒதுங்க விட்டு ஹிட்லரை ஏமாற்றிய உண்மைக் கதை. லண்டனில் 2019-ல் எண்பது பேர் உட்காரும் குட்டி அரங்கில் ஆரம்பித்தது. பிராட்வேயில் அவர்கள் பிடித்ததும் சுமார் 800 இருக்கை கொண்ட சின்ன அரங்குதான். மேடையில் ஐந்தே பேர். தொப்பியை மாற்றினால் ஆள் மாறிவிடுவார். வயிறு வலிக்கச் சிரித்தோம். நடுவில் ஓர் இடம். ஜாக் மலோன் என்ற நடிகர், வயதான பெண் செயலாளராக மேஜையருகில் உட்கார்ந்து, பிணத்தின் பையில் வைப்பதற்கு ஒரு பொய்க் காதல் கடிதத்தை வாய்மொழியாகச் சொல்வது போல ஒரு பாட்டு. மின்னல் இல்லை, கோட்டை இல்லை. ஓர் ஆண் பெண் வேடத்தில் வந்ததற்கு முதலில் சிரித்த கூட்டம், பாட்டு முடியும்போது மூச்சுவிடவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வேடத்துக்கு மலோனுக்கு டோனி கிடைத்தது. கடைசியில் மட்டும் ஜிகினாவும் விளக்குமாக அமர்க்களம் செய்கிறார்கள். அதுவும் பிரம்மாண்ட நாடகங்களைக் கிண்டல் அடிப்பதற்கு!

'யங் ஃப்ராங்கன்ஸ்டைன்' கதையும் 2009-ல் முடியவில்லை. 2017-ல் புரூக்ஸும் ஸ்ட்ரோமனும் அதை லண்டனுக்குக் கொண்டு போனார்கள். சுமார் 700 பேர் உட்காரும் காரிக் அரங்கம். சில பாட்டுகளை வெட்டினார்கள், செட்டைச் சுருக்கினார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். நியூயார்க்கில் சிறந்த மியூசிக்கலுக்கான டோனி பரிந்துரைகூடக் கிடைக்காத அதே நாடகத்துக்கு, லண்டனில் சிறந்த புது மியூசிக்கல் பிரிவில் ஆலிவியர் விருதுப் பரிந்துரை கிடைத்தது. அப்போது புரூக்ஸுக்கு வயது 91. அந்த வயதிலும் தன் நாடகத்தை வெட்டித் திருத்த உட்கார்ந்த மனுஷனை நினைத்தால், மேலே நான் திட்டிய பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. விலையைத் திட்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது சாம்பார் கருகியிருந்தது. நண்பன் தன் எக்ஸெல் ஷீட்டை மூடிவிட்டு, "சரி, அந்தக் குலுக்கலுக்கு எப்படிப் பேர் குடுக்கணும்?" என்று கேட்டான். இரண்டு பேர் பெயரையும் போட்டிருக்கிறோம். ஒரே ஒரு டிக்கெட் விழுந்தால் அடுத்த சண்டை அதில்தான்.