எட்டு நாளில் ஐந்து நாடுகளா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தபோது வழவழப்பான தாள் ஒன்று நம் கைக்கு வந்தது. ‘எட்டு நாள், ஐந்து நாடுகள், பன்னிரண்டு பழம்பெரும் நகரங்கள்’ என்று அதில் கொட்டை எழுத்துகளில் அச்சிட்டிருந்தார்கள். ஐரோப்பாவில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் சிறு நாடுகள் அவை. காலையில் ஒரு நாட்டில் சிற்றுண்டி, மாலையில் மற்றொரு நாட்டில் விருந்து. பூந்தமல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் குடும்பங்கள் சில முன்பணமே கட்டிவிட்டன என்றார்கள். அந்த வாரம் கூடிய அன்பியத்திலும் இதுவே பேச்சு. ‘எத்தனை நாடுகள் பார்க்கலாம்?’ என்று கேட்டவர் பலர். ‘அந்த நாடுகளின் பெயர் என்ன?’ என்று கேட்டவர் ஒருவரே. அவரும் விடை வருவதற்குள் கட்டணத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

நாம் வெளிநாட்டுப் பயணத்துக்கு எதிரிகள் அல்லர். உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒருவர் உலகைக் காண விரும்பினால் அதைக் குறைகூற நமக்கு உரிமையும் இல்லை. நாம் எதிர்ப்பது எண்ணிக்கையை. எட்டு நாளில் போகவர இரண்டு நாளைக் கழித்துவிடுங்கள். எஞ்சுவது ஆறு நாள். அதில் பன்னிரண்டு நகரங்கள் என்றால் ஒரு நகருக்கு அரை நாள். அந்த அரை நாளிலும் பேருந்துப் பயணம், உணவு, கடைவீதி, படம் பிடித்தல் ஆகியவற்றைக் கழித்தால் நகருக்கென்று மிஞ்சுவது எவ்வளவு?

எடுத்துக்காட்டாகப் பால்டிக் கடலோரத்து மூன்று சிறு நாடுகளைப் பார்ப்போம். எஸ்தோனியாவின் தாலின், லாத்வியாவின் ரிகா, லித்துவேனியாவின் வில்னியுஸ் ஆகிய மூன்றின் பழைய நகர்ப்பகுதிகளும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள். தாலினிலிருந்து ரிகாவுக்கு ஏறத்தாழ 310 கிலோமீட்டர். சாலை நல்ல சாலை. ஆகவே மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடுவோர்க்குத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் வில்னியுஸ் பேராலயம் சோவியத் ஆட்சியில் வழிபாடு மறுக்கப்பட்டு ஓவியக் கூடமாக வைக்கப்பட்டிருந்தது. 1980களின் இறுதியில்தான் இறைமக்களிடம் திரும்பி வந்தது. ஒரு தலைமுறையே தன் ஆலயத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு வாழ்ந்த கதை அது. அந்தப் படியில் இருபது நிமிடம் நின்று படம் எடுத்துத் திரும்புகிறவர் எதைப் பார்த்தார்? தூண்களைப் பார்த்தார், அவ்வளவே.

இனி, நம் வாதத்தின் மறுபாதிக்கு வருவோம். அடுத்தடுத்த சிறு நாடுகளும் அவற்றின் பழைய நகரங்களும் வேண்டும் என்று ஏங்குகிற நாம், அவை நம் வாசலிலேயே இருந்ததை மறந்துவிட்டோம். பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரை நீளும் சோழமண்டலக் கரை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு கொடிகள் பறந்த கரை. 1750ஆம் ஆண்டில் ஒருவர் தரங்கம்பாடியில் விடியலில் புறப்பட்டுத் தெற்கே நடந்திருந்தால், டென்மார்க்கின் கொடியை விட்டு நண்பகலுக்குள் காரைக்காலில் பிரான்சின் கொடியைக் கண்டிருப்பார். இருட்டுமுன் நாகப்பட்டினத்தில் டச்சுக்காரரின் கொடியையும் கண்டிருப்பார். ஒரு பகல் நடையில் மூன்று ஆட்சிகள்! இன்றும் அதே வழியில் பேருந்தில் போகிறவர் தமிழ்நாட்டை விட்டுப் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் புகுந்து மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வருகிறார். அந்த எல்லைக்கோடு அன்று போட்டது என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

நம் பூந்தமல்லிக்கே இந்தக் கதையில் இடம் உண்டு. 1639இல் ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரை நிலத்தை வழங்கியவர்கள் தாமர்ல நாயக்கர்கள். அண்ணன் வேங்கடப்பர் வந்தவாசியில் இருந்தார். தம்பி ஐயப்பர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு கடற்கரைக் காரியங்களைக் கவனித்தார். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று வைணவர் போற்றும் இவ்வூர், சென்னை என்ற நகரம் பிறக்கக் காரணமான பேச்சுவார்த்தையிலும் பங்குகொண்டது. டிரங்க் ரோட்டில் நாள்தோறும் போய்வரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சொந்தத் தெருவின் வயதை அறியாதவர், பிறர் தெருவின் பழைமையைக் கண்டு என்ன பேறு பெறுவார்?

‘அங்கெல்லாம் பார்க்க என்ன இருக்கிறது? இடிந்த சுவரும் முட்புதரும்தானே!’ என்று சொல்வார்கள். சொல்பவர்கள் பழவேற்காடு சென்றதில்லை என்றே நினைக்கிறோம். 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை புதர் மண்டிக் கிடப்பது உண்மை. ஆனால் அவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வணிகம் செய்து பொருள் குவிக்க வந்தவர்கள், தங்கள் வாசலில் சாவையே காவலுக்கு நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். தவக்காலத்துச் சாம்பல் புதனுக்கு அதைவிடச் சிறந்த மறையுரை வேறு உண்டோ? அதே ஊரில் போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயம் உண்டு. பழைய பள்ளிவாசல்கள் உண்டு. செம்புறைக் கல்லில் எழுந்த பெருமாள் கோயிலும் உண்டு.

வேறு சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார்கள்: ‘நம்மைச் சுரண்டியவர்களின் நினைவிடங்களுக்கு நாம் ஏன் போக வேண்டும்?’ இது நேர்மையான கேள்வி. நம் விடையும் நேராகவே இருக்கட்டும். சுரண்டலை அறிந்துகொள்ளத்தான் போக வேண்டும். பழவேற்காட்டிலிருந்து மெல்லிய துணிகள் மட்டும் கப்பலேறவில்லை. பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்ட நம் மக்கள் அடிமைகளாக்கப்பட்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியாவுக்கு அங்கிருந்தே ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை; வாயிற்சிற்பமும் இல்லை. ஐரோப்பாவின் பழைய நகரங்களில் உயர்ந்து நிற்கும் வணிகர் மாளிகைகளைக் கண்டு வாய்பிளக்கும் முன், அப்படிப்பட்ட செல்வத்தில் ஒரு பங்கு எந்தத் துறைமுகத்திலிருந்து போனது என்று தெரிந்துகொண்டு போவது நல்லதல்லவா?

கத்தோலிக்கராகிய நமக்கு இன்னும் நெருக்கமான காரணம் ஒன்று புதுச்சேரியில் காத்திருக்கிறது. அங்கே கடற்கரையை ஒட்டி வெள்ளையர் பகுதி. வாய்க்காலுக்கு அப்பால் தமிழர் பகுதி. சுற்றுலாச் செல்வோர் மஞ்சள் வண்ணச் சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வாய்க்காலைக் கடந்து சம்பா கோயிலுக்கு வருவோர் சிலரே. தூய பவுலின் பெயரே மக்கள் வாயில் சம்பா ஆனது என்பர். இன்றுள்ள ஆலயத்துக்கு முன்னிருந்த ஆலயத்தின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்த சுவர். 1745இல் ஒடுக்கப்பட்டோர் முறையிட, அந்தச் சுவர் அகற்றப்பட்டதையும் அதனால் எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1748இல், அருகே இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் பிரெஞ்சு ஆட்சியால் இடிக்கப்பட்டதையும், அதில் குருக்களுக்கு இருந்த ஈடுபாட்டையும் அவரே எழுதினார். 1761இல் ஆங்கிலேயர் நகரையே தரைமட்டமாக்கியபோது ஆலயமும் வீழ்ந்தது. இடிக்க வேண்டிய சுவரை இடித்தவர்களும், இடிக்கக் கூடாததை இடித்தவர்களும் நம் சபையாரே. இந்த இரண்டையும் ஒருங்கே நினைத்துக்கொண்டு அந்தப் பீடத்தின் முன் முழந்தாளிட நாம் அணியமா? அணியம் என்றால், அந்த அரைமணி நேரம் ஐந்து நாடுகளுக்கு ஈடாகும்.

தரங்கம்பாடியை நாம் கடந்து போவதற்கோ வேறொரு காரணம் உண்டு. அது ‘அவர்கள் ஊர்’ என்ற நினைப்பு. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு டென்மார்க்கினர் அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706இல் லூத்தரன் குரு சீகன்பால்கு வந்திறங்கினார். தமிழ் கற்றார், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார், 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பினார். அவரை அவ்வூர் ஆளுநரே நான்கு மாதம் கோட்டையில் சிறைவைத்ததும் உண்டு. 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. ஒரு ‘நாடு’ விலைக்குப் போன இடம் அது! கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் ஏடு வெளியிட்டு அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நாமோ இன்னும் அந்த ஊரின் நுழைவாயிலைப் பேருந்துச் சன்னல் வழியாகவும் பார்ப்பதில்லை.

ஏன் பார்ப்பதில்லை? உறங்கிக்கொண்டிருப்பதால். இதுவே நம் மனவருத்தத்தின் மையம். நம் பகுதியிலிருந்து ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு வண்டிகள் புறப்படுகின்றன. இரவில் ஏறி, விடியலில் இறங்கி, மாலையில் திரும்புகிறோம். வழியில் புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என அத்தனை ஊர்களையும் இருட்டில் விட்டுவிடுகிறோம். ஆகஸ்டு மாத வெயிலில் காவியுடுத்தி நடந்தே செல்லும் எளிய மக்கள் மட்டும் அந்த ஊர்களை அறிவார்கள். எந்த ஊரில் நிழல் உண்டு, எந்த ஊரில் தண்ணீர் தருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வசதி பெருகப் பெருக நமக்கு வழி சுருங்கிவிட்டது. வழி சுருங்கிய பயணத்தை வேளாங்கண்ணியில் பழகிக்கொண்டவர்கள்தாம் இப்போது அதையே ஐரோப்பாவுக்கும் கொண்டுபோகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு விரைவுப் பயணத்தில் நாமும் இருந்தோம். ஒன்பது ஊர்கள், மூன்று நாள். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இரண்டாம் நாளிலிருந்து இறங்கவே இல்லை. ‘நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்கப்பா’ என்றார். திரும்பி வந்த நம்மால் அவருக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்பதே குழம்பிப் போயிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, ‘அப்ப நானும் நீங்களும் ஒண்ணுதான்’ என்றார். அந்தச் சொல் இன்றும் நம்மைச் சுடுகிறது.

குறை சொல்வதோடு நிறுத்தினால் அது வெறும் முணுமுணுப்பு. ஆகவே பங்குப்பேரவையின் முன் ஒரு மாற்றுத் திட்டத்தை வைக்கிறோம். மழைக்காலம் முடிந்த சனவரி, பிப்ரவரியில் ஆறு நாள். முதல் நாள் பழவேற்காடு சென்று மாலையில் வீடு திரும்பலாம். இரண்டாம் நாள் சாந்தோமில் தொடங்கி, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைக் கண்டு, புதுச்சேரியில் தங்கலாம். மூன்றாம் நாள் முழுவதும் புதுச்சேரி, கால்நடையாக. நான்காம் நாள் கடலூர். தாவீது கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை ஆங்கிலேயர் 1690இல் ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். அங்கே குண்டு சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அன்றிரவும் மறுநாளும் தரங்கம்பாடி. ஆறாம் நாள் காரைக்கால், நாகப்பட்டினம், நிறைவாக வேளாங்கண்ணியில் திருப்பலி. ஒரு நாளில் மூன்று ஊருக்கு மேல் இல்லை. இரண்டு ஊர்களில் இரண்டிரண்டு இரவுகள். முதியோர் நடக்கும் வேகமே குழுவின் வேகம்.

புறப்படுமுன் ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஊரைப் பற்றிப் படித்து வந்து அன்பியத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும். இளைஞர்கள் மறுக்கமாட்டார்கள்; கேட்டுப் பாருங்கள். இதற்கு விசா வேண்டாம். நகையை அடகுவைக்கவும் வேண்டாம். அந்தத் தாளில் கண்ட கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இந்த ஆறு நாளை நடந்து முடித்தவர்கள் பிறகு தாலினுக்கும் ரிகாவுக்கும் போகட்டும். நாமே மாலையிட்டு வழியனுப்புவோம். நகரம் ஒன்றின் முன் நின்று எதைக் கேட்க வேண்டும் என்று அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதுவரை, ஆலய முற்றத்தில் யாரேனும் அந்தத் தாளை நீட்டினால், ‘எத்தனை நாடு?’ என்று கேளாதீர்கள். ‘எந்த ஊரில் எத்தனை நாள் தங்குவோம்?’ என்று மட்டும் கேளுங்கள்.