பழைய வீட்டை இடிப்பதா? காப்பதா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. இந்தக் காலத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய வீட்டைக் காத்துப் பார்!

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பல குடும்பங்கள் இந்தச் சோதனையில் இருக்கின்றன.

தாத்தா கட்டிய ஓட்டு வீடு. முன்னே திண்ணை. உள்ளே கூடம். நடுவே முற்றம். பின்னால் கிணறு. பிள்ளைகள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது கணவன், மனைவி இருவர் மட்டும். ஐப்பசி மழை வந்தால் கூடத்தில் நாலு பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது.

"இடிச்சிட்டு மாடி வீடு கட்டிடலாங்க" என்கிறாள் மனைவி.

"அப்பா வாழ்ந்த வீடு. இருக்கிறவரைக்கும் இருக்கட்டுமே" என்கிறார் கணவர்.

யார் சொல்வது சரி? இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஆயிரம் ஆண்டுப் பாடம்

உத்திரமேரூருக்கு வீட்டின் அருமை நன்றாகத் தெரியும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த 'குடவோலை' முறையை அவை விவரமாகச் சொல்கின்றன. 2020 டிசம்பர் 10-ந் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, பிரதமர் மோடி இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார்.

சபைக்கு வர என்ன தகுதி? வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். அத்தோடு இன்னொன்று: சொந்த மனையில் வீடு கட்டி அதில் குடியிருக்க வேண்டும்!

அந்தக் கல்வெட்டில் 'ஏரி வாரியம்' என்று ஒரு குழுவும் வருகிறது. ஏரியைக் கவனிப்பது அதன் பொறுப்பு. அதன் காலம் ஓராண்டு. அடுத்த ஆண்டு புதியவர்கள் வருவார்கள். ஆண்டு தவறாமல் கவனித்தால்தான் ஏரி நிற்கும் என்று அந்தக் காலத்து மக்கள் அறிந்திருந்தார்கள்.

வீடும் அப்படித்தான்.

வீடு எப்படிக் கெடுகிறது?

வயதானதால் வீடு விழுவதில்லை. தண்ணீரால் விழுகிறது.

குரங்கு ஓடுகிறது. தேங்காய் விழுகிறது. ஒரே ஒரு ஓடு உடைகிறது. அந்த ஓட்டை வழியே மழைநீர் இறங்கி மரச் சட்டத்தை நனைக்கிறது. ஈர மரத்துக்குக் கரையான் வருகிறது. அது உத்திரத்துக்குப் பரவுகிறது. சுவருக்குள் நீர் இறங்கி, உள்ளே இருக்கும் மண் சாந்து கரைகிறது. கடைசியில் ஒரு மழை இரவில் சுவர் சாய்கிறது.

ஓடு மாற்றுவது ஒரு நாள் வேலை. உத்திரம் மாற்றுவது பல மாதச் சம்பாத்தியம்!

முன்பெல்லாம் மழைக்கு முன் ஓடு பிரித்து வேய்வார்கள். இன்று அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது கடினம். நாட்டு ஓடும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆகவே, பக்கத்தில் யாராவது வீட்டை இடித்தால், நல்ல ஓடுகளை விலைக்கு வாங்கி அடுக்கி வையுங்கள். நாளைக்கு உதவும்.

சிமெண்டு செய்யும் கெடுதல்

சுவர் பூச்சு உதிர்ந்தால் உடனே சிமெண்டு பூசுகிறோம். இது பெரிய தவறு.

பழைய சுவர் சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்தது. அது ஈரத்தை வாங்கும். வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. சுவருக்குள்ளேயே தங்குகிறது. உப்பு பூக்கிறது. இரண்டு மூன்று ஆண்டில் பூச்சு பொரிந்து, செங்கல்லோடு சேர்த்து உதிர்கிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் மருந்து. மேலே வெள்ளையடித்தால் போதும்.

மனைவி சொல்வதில் என்ன தப்பு?

பழைய வீட்டைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் திண்ணையில் உட்கார்ந்து புகழ்கிறார்கள். புகை மண்டிய சமையலறையில் நிற்பவள் மனைவி. ராத்திரியில் கொல்லைக்கு நடப்பவளும் அவள்தான். மழையில் ஒழுகும் தண்ணீரைத் துடைப்பவளும் அவள்தான். மாடி வீடு வேண்டும் என்று அவள் கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல. நிம்மதிக்காக!

ஆகவே பணம் கொஞ்சமாக இருந்தால் முதலில் கூரை. அடுத்தது சமையலறையும் கழிப்பறையும். வாசலுக்குப் பளபளக்கும் டைல்ஸ் எல்லாம் கடைசியில்தான். பல வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. ஊரார் பார்க்கும் முகப்புக்குப் பணம் போகிறது. மனைவி நிற்கும் இடம் அப்படியே இருக்கிறது.

வீட்டுச் சாமான்கள்

ஊஞ்சல் பலகை, சாய்வு நாற்காலி, மரப்பெட்டி எல்லாம் பரணில் தூசி படிந்து கிடக்கும். பழைய சாமான் வாங்குகிறவர் வந்து, சொற்ப விலை சொல்வார். அவசரப்பட வேண்டாம்! காரைக்குடியில் பழைய வீட்டுத் தூண்களையும் கதவுகளையும் விற்கவே ஒரு தெரு இருக்கிறது. பணக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் உண்டு. டிக்கெட் வாங்கி மக்கள் அதைப் பார்க்கிறார்கள். புதுச்சேரி வைசியாள் வீதியில் திண்ணை வைத்த தமிழ் வீடுகளைச் சீர் செய்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

நாம் வேண்டாம் என்பதை உலகம் தேடுகிறது.

அரசாங்கம் என்ன செய்கிறது?

2024-ல் தமிழக அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தைத் தொடங்கியது. குடிசையில் இருப்பவர்களுக்கு 360 சதுர அடி வீடு. உதவி 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய கிராமத்து வீடுகளைப் பழுது பார்க்கவும் அதே ஆண்டில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். இரண்டும் நல்லவை.

ஆனால் தாத்தா தன் கைப்பணத்தில் கட்டிய ஓட்டு வீடு? அது குடிசையும் அல்ல. அரசாங்கம் கட்டியதும் அல்ல. அந்தத் தம்பதிக்கும் மராமத்துக்குச் சிறு கடன் எளிதாகக் கிடைக்க வேண்டும். ஓடு வேயவும், சுண்ணாம்பு பூசவும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். வீடும் நிற்கும், நாலு பேருக்குப் பிழைப்பும் கிடைக்கும்.

இன்னொரு முட்டுக்கட்டை பட்டா. பல வீடுகள் இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கின்றன. அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு உண்டு. 2005-ல் திருத்திய இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெண் மக்களுக்கும் சம உரிமை உண்டு. "எல்லார் வீடு" என்றால் செலவு செய்ய ஆள் இருக்காது. கடன் கேட்டால் வங்கி பத்திரம் கேட்கும். கூடப் பிறந்தவர்கள் உட்கார்ந்து பேசி, பட்டாவை மாற்றிக் கொள்வதே முதல் மராமத்து!

எப்போது இடிக்க வேண்டும்?

பாசத்துக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. சுவர் சாய்ந்தாலும், உத்திரம் வளைந்தாலும் அங்கே படுக்க வேண்டாம். விரிசலில் சந்தேகமா? அதன் குறுக்கே மெல்லிய காகிதத்தை ஒட்டித் தேதி எழுதுங்கள். காகிதம் கிழிந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் இடிக்கச் சொன்னால் இடித்துவிடுங்கள்.

மற்ற வீடுகளைக் காப்பாற்றலாம். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். உடைந்த ஓடு எது, ஈரச் சுவர் எது, கரையான் எங்கே என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மனைவி சொல்வதை முதல் வரியில் எழுதுங்கள். மழை வருமுன் அந்த வேலையை முடியுங்கள்.