டேப்லெட் ஒன்றே போதுமா?



சுங்கை வேயிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். மணமான பின் பட்டணம் வந்து, மின்னியல் ஆலையில் பல ஆண்டுகள் ஷிப்ட் வேலை பார்த்தவர். மகளுக்குப் போலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சீட்டு எடுத்த பணம் 1,200 வெள்ளி கையில் இருக்கிறது. "இந்த டேப்லெட் போதும் அக்கா, கணினி செய்வதையெல்லாம் இதுவும் செய்யும்" என்கிறார் கடைக்காரர். மகளோ மடிக்கணினிதான் வேண்டும் என்று நிற்கிறாள். "யார் பேச்சைக் கேட்பது? தப்பாக வாங்கிவிட்டால் இன்னொரு முறை வாங்க எங்களிடம் பணமில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரிதான் இங்கே முக்கியம். வசதி உள்ளவர் வீட்டில் ஒரு பொருள் சரிப்படவில்லை என்றால் வேறொன்று வாங்கிக்கொள்வார்கள். நம் குடும்பங்களில் அப்படி முடியாது. வாங்கியதை வைத்துத்தான் பிள்ளை இரண்டரை, மூன்று ஆண்டு படிப்பை ஓட்டியாக வேண்டும். ஆகவே, இந்த மாதம் இதை விரிவாகவே பார்ப்போம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், டிப்ளோமா, பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு மடிக்கணினியே வாங்குங்கள். புதியதற்குப் பணம் போதாவிட்டால், நல்ல நிலையில் உள்ள பழையது கூடப் பரவாயில்லை. டேப்லெட் நல்ல துணைக் கருவி. முழுப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றும்போதுதான் சிக்கல் வருகிறது.

காரணம் என்ன? கல்லூரிப் படிப்பில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பாடத்தை வாங்கிக்கொள்வது. விரிவுரை கேட்பது, குறிப்பு வாசிப்பது, காணொளி பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். மற்றொன்று, செய்து திருப்பிக் கொடுப்பது. இருபது பக்கம் கட்டுரை தட்டச்சு செய்வது, கணக்குப் பேரேடு போடுவது, வரைபடம் வரைவது, நிரல் எழுதுவது எல்லாம் இந்த இரண்டாம் வகை. முதல் வேலைக்கு டேப்லெட் மிகவும் ஏற்றது. எடை குறைவு, மின்சாரம் அதிக நேரம் தாங்கும், சிம் கார்டு போடும் வகையாக இருந்தால் வைஃபை இல்லாத லயத்திலும் விடுதியிலும் பாடம் கேட்கலாம். ஆனால் மதிப்பெண் வருவது பெரும்பாலும் இரண்டாவது வேலையில்தான். அங்கேதான் டேப்லெட் திணறுகிறது.

சுங்கை வே வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தபோது, மோட்டோரோலா போன்ற நிறுவனங்கள் ஆலை போட்டன. நம் பெண்கள் எத்தனையோ பேர் ஆலைப் பேருந்தில் ஏறிப்போய், பூதக்கண்ணாடிக்குக் கீழே மின்னணுச் சில்லுகளைப் பார்த்துக் கண் வலிக்க உழைத்தார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆலை 1973-லிருந்து அங்கே இருந்தது. உலகெங்கும் கணினிகளுக்குள் போன ஹார்ட் டிஸ்க் அங்கே செய்யப்பட்டது. அந்த வகைத் தட்டுக்குத் தேவை குறைந்துவிட்டது என்று 2018-இல் அறிவித்து, 2019-இல் அந்த உற்பத்தியை நிறுத்தினார்கள். சுழலும் தட்டுக்குப் பதிலாக, அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் வந்துவிட்டது. கணினியின் வயிற்றில் இருப்பதைத் தம் கையால் செய்தவர்கள் நம்மவர்கள். அப்படியிருக்க, கடையில் போய் "இதற்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்க நாம் ஏன் கூச வேண்டும்?

இனி, அரசாங்கங்கள் இதே கேள்வியை எப்படிக் கையாண்டன என்று பார்ப்போம். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

இந்திய அரசு 2011 அக்டோபர் 5-ஆம் நாள் 'ஆகாஷ்' என்ற டேப்லெட்டை வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு உலகிலேயே மலிவான கணினி என்று பெரிதாகப் பேசப்பட்டது. ஏழு அங்குலத் திரை, 256 எம்பி நினைவகம். விலை ஏறத்தாழ 2,300 ரூபாய். வாங்கிப் பார்த்தவர்கள், தொட்டால் உடனே கேட்கவில்லை, வேகம் போதவில்லை, மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்றார்கள். 2012-இல் திருத்திய பதிப்பு வந்தது. ஆனாலும் சில ஆண்டுகளில் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது.

நம் மலேசியாவில், 2022-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 'பெராந்தி சிஸ்வா' திட்டம் அறிவிக்கப்பட்டது. பி40 குடும்பங்களைச் சேர்ந்த உயர்கல்வி மாணவர் ஆறு லட்சம் பேருக்கு டேப்லெட் கொடுக்க 450 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 750 வெள்ளி. அந்தத் தொகைக்குப் புது மடிக்கணினி வாங்குவது கடினம், டேப்லெட் வாங்கலாம். கோவிட் காலத்தில் கைப்பேசியின் சின்னத் திரையில் வகுப்புக் கேட்டுத் தவித்த பிள்ளைகளுக்கு அது பெரிய உதவிதான். அதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இலவசமாக வந்ததற்கும், நாம் சொந்தப் பணம் போட்டு வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு.

தமிழ்நாட்டில், 2011-லிருந்து மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்த அனுபவம் உண்டு. 2025 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில், இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்படும் என்று அறிவித்தார்கள். ஆனால் அதே ஆண்டு கொள்முதலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, கேட்டது மடிக்கணினிதான். இரண்டையும் எடைபோட்ட ஓர் அரசாங்கம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

சரி, பிள்ளை எடுத்த பாடத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நிறையவே உண்டு. பொறியியல், கட்டடக்கலை படிக்கும் பிள்ளைக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்ற வரைகலை மென்பொருள் வேண்டும். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸ் கணினியில்தான் ஓடும். டேப்லெட்டில் அதற்கு வழியே இல்லை. புள்ளியியல் ஆய்வுக்கு உதவும் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளும் டேப்லெட்டில் ஏறாது. கணினித்துறைக்குப் போகிறவருக்கு டேப்லெட் போதாது என்று சொல்லவே தேவையில்லை. கடிதம் எழுதிய தாயின் மகளைப் போல் கணக்கியல் படித்தால், எக்செல் அட்டவணையும் கணக்கு மென்பொருளும் அன்றாடச் சாப்பாடு மாதிரி. டேப்லெட்டிலும் எக்செல் உண்டு. ஆனால் அது சுருக்கிய பதிப்பு, எல்லா வசதியும் இராது. பெரிய அட்டவணையை விரலால் தடவித் தடவித் திருத்துவது, ஊசியால் கிணறு தோண்டுவது போலாகிவிடும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். படிவம் ஆறு படிக்கும் பிள்ளைக்கும், மொழி, இலக்கியம் போன்ற வாசிப்பு மிகுந்த படிப்புக்குப் போகிறவருக்கும், ஒரு விசைப்பலகையைச் சேர்த்து வைத்துக்கொண்டால் டேப்லெட்டைக் கொண்டே பெரும்பகுதி வேலையை முடிக்க முடியும். கணிதம் எழுத, பேனா வைத்த டேப்லெட் மடிக்கணினியைவிட வசதியானது. ஆகவே, கடைக்குப் போகுமுன் கல்லூரிக்குக் கேளுங்கள். கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, இந்தப் படிப்புக்கு என்னென்ன மென்பொருள் வேண்டும், அவை எந்தக் கணினியில் ஓடும்? சேர்க்கைக் கடிதத்தோடு வரும் தாள்களில் இல்லையென்றால், துறை அலுவலகத்திலோ, அதே படிப்பில் இருக்கும் மூத்த மாணவரிடமோ கேட்கலாம்.

இரண்டாவது, தேர்வு கணினி வழியாக நடக்குமா? சில கல்லூரிகளில் தேர்வு நேரத்தில் வேறெதையும் திறக்க முடியாதபடி பூட்டும் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். அது எல்லா டேப்லெட்டிலும் ஓடாது. தேர்வு நாள் காலையில் இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

மூன்றாவது, கல்லூரியில் கணினிக் கூடம் எத்தனை மணிவரை திறந்திருக்கும்? இரவு பத்து மணிவரை திறந்திருந்தால் டேப்லெட் வைத்திருப்பவர் ஓரளவு சமாளிக்கலாம். ஐந்து மணிக்கு மூடிவிட்டால் சிரமம்தான்.

இப்போது அந்த 1,200 வெள்ளிக்கு வருவோம். பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்த மடிக்கணினிகளைத் துடைத்துச் சரிபார்த்து விற்கும் கடைகள் கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் இருக்கின்றன. இந்தத் தொகைக்குள் ஒன்று கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 முறையாக ஏறக்கூடிய கணினியாகப் பாருங்கள். இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதற்கு முந்தியதை மிக மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், ஏமாறாதீர்கள். நினைவகம் 8 ஜிபி இருக்கட்டும். சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையாக, 256 ஜிபி இருந்தால் போதும். கடையிலேயே மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மின்கலம் செத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். விசை ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கேமராவும் ஒலிவாங்கியும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ரசீதும், எழுத்தில் உத்தரவாதமும் வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள். கூடவே கணினி தெரிந்த ஒரு பிள்ளையை அழைத்துப் போங்கள். உங்கள் அடுக்குமாடியிலேயே அப்படி ஒருவர் இருப்பார்.

வேர்ட், எக்செல் மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கேட்டால் பொறுங்கள். பல கல்லூரிகள் தம் மாணவருக்கு அவற்றை இலவசமாகவே தருகின்றன. கல்லூரி தரும் மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால், லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

ஏற்கெனவே டேப்லெட் வாங்கிவிட்டோமே, அல்லது அரசாங்கம் கொடுத்ததுதானே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மனம் தளர வேண்டாம். முதலில் ஒரு விசைப்பலகை வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை. வேலையை அவ்வப்போது இணையச் சேமிப்பில் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால், கல்லூரிக் கணினியில் போய் அதே வேலையைத் தொடரலாம். முன்பு பெடி என்று அழைக்கப்பட்டு இப்போது நாடி என்ற பெயரில் இயங்கும் சமூக இணைய மையம் உங்கள் வட்டாரத்தில் இருந்தால், அங்கும் கணினி உண்டு. அதற்கிடையில், மாதம் ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி என்று மடிக்கணினிக்குச் சேர்த்து வாருங்கள். இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணி வருமுன் அது கைக்கு வந்துவிட வேண்டும்.

பெற்றோருக்கு இன்னொரு வார்த்தை. வேலை முடிக்கத் தக்க கருவி இல்லாத பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது. குடும்பத்தின் நிலை அதற்குத் தெரியும். தோழியிடம் மடிக்கணினி இரவல் கேட்கும்; தோழி தூங்கிய பிறகு நள்ளிரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும்; ஒப்படைப்பைத் தாமதமாகக் கொடுத்து மதிப்பெண் இழக்கும். வீட்டுக்கு வந்தால், "எல்லாம் சரியாகப் போகிறதம்மா" என்று சொல்லிவிடும். ஒரு பருவம் போனபின் தேர்வு முடிவு வந்துதான் நமக்கு விஷயம் தெரியும். ஆகவே, பிள்ளை மடிக்கணினி கேட்டால் ஆடம்பரம் என்று அதட்டாதீர்கள். "எந்தப் பாடத்துக்கு, எதற்காக?" என்று உட்கார்ந்து கேளுங்கள். சரியான காரணம் இருந்தால் பிள்ளையே விளக்கிச் சொல்லும்.

நாட்டில் இப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு சாதாரணப் புது மடிக்கணினி ஏறத்தாழ அந்த ஒரு மாத உழைப்பு முழுவதையும் விழுங்கிவிடும். அதனால்தான் வாங்குமுன் இத்தனை கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

சுங்கை வே சகோதரிக்கு: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. சீட்டுப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். போலிடெக்னிக்கில் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆலையில் தரம் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. குறையுள்ள பொருளைத் தள்ளி வைக்க உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மகள் நன்றாகப் படித்து முன்னேற இந்தப் பகுதியின் சார்பில் என் மனமார்ந்த வாழ்த்துகள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.