கார்டை விடுங்க, முதல்ல பெட்டியைத் திறங்க

முள்ளிப்பட்டு, ஆரணி பக்கத்துல இருந்து வர்ற பசங்க நிறைய பேர் வீட்டுல இருக்கிறது கேமிங் பிசி இல்ல. எங்கேயோ ஒரு ஆபீஸ்ல ஓடி முடிஞ்சு, செகண்ட் ஹேண்டா வந்து சேர்ந்த டெல், எச்பி, லெனோவா பெட்டிதான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வந்ததும் எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: "இதுல எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" என்னைக் கேட்டா, கேள்வியே தலைகீழ். இந்தப் பெட்டி எதைத் தாங்கும்னுதான் முதல்ல கேட்கணும்.

தறி வீட்டுப் பசங்களுக்கு இது சட்டுன்னு புரியும். 240 கொக்கி ஜக்கார்டு இருக்கிற தறியில, 480 கொக்கிக்குப் போட்ட டிசைனை அப்படியே ஓட்ட முடியாது. டிசைன் எவ்வளவு அழகா இருந்தாலும் தறிதான் முடிவு பண்ணும்.

முதல்ல பவர். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதுக்கு மேல வேணும்னா எஸ்எம்பிஎஸ்ல இருந்து தனி வயர் வரணும். 6 பின் 75 வாட், 8 பின் 150 வாட். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010 சின்னப் பெட்டியில இருக்கிறது 240 வாட் எஸ்எம்பிஎஸ். "அதை மாத்திடலாம் மச்சி"ன்னு ஒருத்தன் சொல்லுவான். சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் அந்தப் பெட்டிக்குள்ள உட்காராது. அடுத்து வந்த 3020, 9020 மாடல்கள்ல மதர்போர்டுக்குப் போற மெயின் பிளக்கே 24 பின் இல்ல, 8 பின்.

அசெம்பிள் பண்ண பெட்டின்னா ஸ்டிக்கர்ல பெருசா இருக்கிற 450 வாட்டை நம்பாதீங்க. 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 14 ஆம்பியர்னா 168 வாட்தான். கார்டும் ப்ராசசரும் அதைத்தான் பங்கு போட்டுக்கணும்.

அடுத்து இடம். ஒல்லியான பெட்டிக்கு லோ ப்ரொஃபைல் கார்டும் அதுக்கான குட்டை பிராக்கெட்டும் வேணும்.

மூணாவது, போர்டோட வயசு. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான். ஆனா அது 4 லேன் மட்டும்தான் எடுக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டுல போட்டா, 4.0ல கிடைக்கிற வேகத்துல பாதிதான் அந்தப் பாதையில கிடைக்கும். இன்டெல் ஆர்க் ஏ380 ஒழுங்கா ஓட ரீசைசபிள் பார் வேணும். பழைய போர்டுகள்ல பொதுவா அது கிடையாது.

"எதுக்கு இவ்வளவு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கிப் போடு"ன்னு சீனியர்கள் சொல்றதும் முழுசா தப்பில்ல. 75 வாட், பல மாடலுக்குத் தனி வயரும் வேண்டாம். கேமுக்கு மட்டும்னா வாங்கலாம். மெஷின் லேர்னிங்குக்குன்னா வேண்டாம். 2025ல வந்த குடா 13 பாஸ்கல் கார்டுகளைக் கைவிட்டுடுச்சு. ட்ரைவரும் 2025 அக்டோபருக்கு அப்புறம் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான், அதுவும் 2028 அக்டோபர் வரைக்கும். ப்ராஜெக்ட்டுக்குத் தேவைன்னா 70 வாட்ல ஓடுற ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இருக்கு. அதுக்குக் காசு இல்லைன்னா கூகுள் கோலாப்ல ஓட்டுங்க. அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

"காசு இல்லாதவன் இவ்வளவு பார்த்துட்டு இருக்க முடியுமா?"ன்னு கேட்கலாம். காசு இல்லாதவன்தான் பார்க்கணும். வசதி இருக்கிறவன் தப்பா வாங்கினா இன்னொண்ணு வாங்குவான். நெசவுக் கூலியில வாங்கின கார்டு ஓடலைன்னா, செகண்ட் ஹேண்ட் கடையில பெரும்பாலும் ரிட்டர்ன் கிடையாது.

காலேஜுக்கும் ஒண்ணு சொல்லணும். நாலு வருஷமா வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பரீட்சை எழுதுறோம். ஒரு எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படிக்க யாரும் சொல்லித் தரல. ஸ்டோர் ரூம்ல தூங்குற பழைய டெஸ்க்டாப் ஒண்ணைத் திறந்து ஒரே ஒரு லேப் நேரம் காட்டினா போதும்.

அது வரைக்கும், கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எஸ்எம்பிஎஸ் லேபிளை போட்டோ எடுங்க, போர்டு மாடலைக் குறிச்சுக்கோங்க, ஸ்கேலால உள்ளே அளந்துக்கோங்க. முடிஞ்சா பெட்டியையே தூக்கிட்டுப் போய், கார்டைப் போட்டு ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் காசு கொடுங்க.