மிளகாய் பஜ்ஜியும் தீவிர வாசகரும்

ஒவ்வோர் ஆண்டும் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு இலக்கிய வட்டாரத்தில் ஒரு புலம்பல் எழுவது வழக்கம். கூட்டம் புத்தகத்துக்காக வரவில்லையாம். மிளகாய் பஜ்ஜிக்கும் டெல்லி அப்பளத்துக்கும் வருகிறதாம். வாங்குவதெல்லாம் சமையல் குறிப்பும் ஜோதிடமும் கோலப் புத்தகமும்தானாம். குடும்பம் குடும்பமாகச் சுற்றுலா வருகிறார்கள், வாசகர் எங்கே என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களில் நம் நண்பர்களும், நாம் பெரிதும் மதிக்கும் படைப்பாளிகளும் உண்டு. ஆயினும் இந்தப் புலம்பலை முற்றாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1977ல் அண்ணா சாலை மதரஸா-ஐ-ஆஜம் பள்ளி வளாகத்தில் தொடங்கிய இக்காட்சி காயிதே மில்லத் கல்லூரி, செயிண்ட் ஜார்ஜ் பள்ளி, தீவுத்திடல், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என இடம் மாறி, 2025ல் சுமார் 900 அரங்குகளாக வளர்ந்து நின்றது. வளர்த்தவர் யார்? தீவிர இலக்கிய நூலின் முதற்பதிப்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் என்றிருந்த காலம் போய், தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபின் அது சில நூறாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சில நூறு பேரை நம்பி யாரும் மைதானம் பிடித்துப் பந்தல் போட முடியாது. நாம் ஏளனம் செய்யும் குடும்பங்களின் காலடியில்தான் நம் கவிதைத் தொகுப்பும் விற்பனைக்கு நிற்கிறது.

அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்தது என்ன என்பதே அடுத்த கேள்வி. பொன்னேரியிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ நால்வர் ரயிலேறி வருகிறார்கள். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் போக மீதமுள்ள சில நூறு ரூபாய்தான் புத்தகத்துக்கு. அரங்குகளில் அடுக்குகள் பெரியவர்களின் கண்மட்டத்தில் இருக்கின்றன. குழந்தை எட்டி ஒன்றை எடுத்தால் "வாங்குறதா இருந்தா மட்டும் எடு" என்ற அதட்டல். உட்கார்ந்து புரட்டிப் பார்க்க ஒரு பெஞ்சு கிடையாது. இதன் பிறகு அக்குழந்தை அப்பளக் கடையை நோக்கி இழுத்தால், பழி குழந்தையின் மீதா?

தமிழில் சிறார் நூல்களுக்கு மரபு இல்லாமல் இல்லை. அம்புலிமாமா 1947ல் வந்தது. அழ. வள்ளியப்பா தம் வாழ்நாளையே குழந்தைகளுக்காகச் செலவிட்டார். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மலிவு விலையில் விற்ற சோவியத் சிறார் நூல்களைப் பற்றி இன்று மூத்த எழுத்தாளர்கள் கண்கசிய எழுதுகிறார்கள். அவற்றை அவர்கள் கையில் கொடுத்தவர் இலக்கிய விமர்சகரல்லர். பெரும்பாலும் இலக்கியம் அறியாத ஒரு தகப்பனாரோ மாமாவோதான். 1991ல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததோடு அந்த வரத்து நின்றது. பிறகும் நேஷனல் புக் டிரஸ்ட், 1996ல் தொடங்கிய தூலிகா போன்றவை நல்ல படநூல்களைத் தமிழில் தந்தே வருகின்றன. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குத் தனிப் பரிசு அளிக்கிறது. ஆனால் நம் சிற்றிதழ்களின் மதிப்புரைப் பக்கங்களில் இவற்றுக்கு எவ்வளவு இடம்? சனவரி தோறும் நாம் வெளியிடும் பரிந்துரைப் பட்டியல்களில் ஒரு சிறார் நூலேனும் உண்டா?

ஒலிபெருக்கி இரைச்சலையும் பிரபலங்களின் மேடையையும் நாமும் விரும்புவதில்லை. அவை அமைப்பாளர் திருத்த வேண்டிய குறைகள், குடும்பங்களின் குற்றமல்ல. சமையல் குறிப்பு வாங்கும் பெண்மணி தமிழில் வாசிக்கிறார் என்பதையாவது நினைவில் கொள்வோம். அவருடைய பிள்ளையின் நிலை வேறு. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் தலைமுறை அது. இத்தனை தமிழ்ப் புத்தகங்களை ஒருசேர அப்பிள்ளை காணும் நாள் ஆண்டில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஒரு நாளையும் நாம் இழந்தால், இருபதாண்டுகள் கழித்து நம் நாவல்களை வாசிக்க யார் இருப்பார்?

கேட்பது பெரிதல்ல. இலக்கியப் பதிப்பகங்கள் ஒவ்வொன்றும் தம் அரங்கில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அடுக்கு வைக்கட்டும். கையொப்பமிட வரும் எழுத்தாளர்கள் ஒரு மணி நேரம் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டட்டும். பரிந்துரைப் பட்டியல் போடுவோர் ஐந்து சிறார் நூல்களையேனும் விலையோடு குறிக்கட்டும். இதையெல்லாம் செய்துவிட்டு, பிறகு பஜ்ஜியைப் பழிக்கலாம்.