உதட்டுக்கு லேசர் வெச்சா அது அழகு சமாச்சாரமா?

லேசர்னு சொன்னதும் நம்ம பக்கத்து ஜனங்களுக்கு ரெண்டு விஷயந்தான் ஞாபகம் வரும். ஒண்ணு கண் ஆஸ்பத்திரி. இன்னொண்ணு, சிரிக்கிற பொண்ணு படம் போட்டு "முடி நீக்கம், மரு நீக்கம்"னு போர்டு வெச்சிருக்கிற டவுன் கிளினிக். இந்த ரெண்டாவதைப் பார்த்துப் பார்த்து, தோல்லயோ உதட்டுலயோ லேசர் வைக்கிறதுன்னா காசு உள்ளவங்க அழகுக்காகச் செய்யற வேலைன்னு மனசுல பதிஞ்சு போச்சு. அந்த நினைப்பால எங்க ஊர் மாதிரி கடலோர ஊருக்கு என்ன நஷ்டம்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ஆலந்தலை, திருச்செந்தூருக்குத் தெக்கால இருக்கு. மீன்பிடிதான் பொழப்பு. கடல்ல வெயில் ரெண்டு தடவை அடிக்கும். மேலருந்து ஒரு தடவை, தண்ணியில பட்டுத் திரும்பி ஒரு தடவை. தலைக்குத் துண்டு கட்டலாம், கீழுதட்டுக்கு எதைக் கட்ட? நாப்பது வருஷம் கடலுக்குப் போன பெரியவங்க உதட்டைப் பாருங்க. சிலருக்கு நாவப்பழ நிறத்துல, மிளகு அளவுலயோ பட்டாணி அளவுலயோ மெத்துன்னு ஒரு மேடு இருக்கும்.

இதுக்கு டாக்டருங்க வச்ச பேரு 'வீனஸ் லேக்'. வீனஸ் கிரகத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை :-) சிரையில ரத்தம் தேங்கின குளம்னு அர்த்தம். 1956ல பீன், வால்ஷ்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க இதைத் தனியா அடையாளம் சொல்லி எழுதினாங்க. வயசாலயும் வருஷக்கணக்கான வெயிலாலயும் உதட்டுச் சளிச்சவ்வுக்குக் கீழ இருக்கிற சின்ன சிரை ஒண்ணு விரிஞ்சு போய், ரத்தம் அங்கயே தேங்கி நிக்குது. அவ்வளவுதான். இது புற்று இல்லை, புற்றா மாறவும் மாறாது.

ஆனா அது இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? எங்க தெருவுல ஒரு பெரியவர். அவர் தம்பி வாய்ப்புற்றுல போனவர். உதட்டுல கறுப்பா மேடு வந்ததும் தனக்கும் அதேதான்னு முடிவு பண்ணிட்டார். ரெண்டு வருஷம் யார்கிட்டயும் மூச்சு விடலை. வாய்க்குக் குறுக்க துண்டைப் போட்டுக்கிட்டே திரிஞ்சார். கல்யாண வீட்டுப் பந்தியில உக்கார மாட்டார். மீன் முள் குத்தினாலோ பல்லு பட்டாலோ ரத்தம் கொட்டும், அதையும் மறைச்சுடுவார். "என்ன அண்ணாச்சி உதட்டுல?"ன்னு கேட்டா எழுந்து போயிடுவார். கடைசியில மக வம்பு பண்ணித் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டர் ஒரு கண்ணாடிச் சில்லை வெச்சு மெதுவா அமுக்கினார். நிறம் வெளுத்துச்சு. எடுத்ததும் திரும்ப நீலமாச்சு. "உள்ள இருக்கிறது ரத்தம் பெரியவரே, புற்று இல்லை"ன்னார். ரெண்டு வருஷத்துப் பயம் அந்த ஒரு வாக்கியத்துல போச்சு. லேசர் வெச்சதெல்லாம் சில நிமிஷந்தான்.

லேசர் என்ன பண்ணுது? மைமன் முதல் லேசரை 1960ல செஞ்சார். நம்ம மகாராஷ்டிரா பாராமதியில பிறந்த குமார் பட்டேல் 1964ல கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடிச்சார். அந்த லேசரைத் திசுவில இருக்கிற தண்ணி உறிஞ்சிக்கும், அதனால அது கத்தி மாதிரி எதிர்ல இருக்கிறதை ஆவியாக்கிடும். ரத்தக்குழாய் வேலைக்கு வேற குணம் வேணும். 1983ல ஆண்டர்சன், பாரிஷ் ரெண்டு பேரும் ஒரு வழி சொன்னாங்க. எந்த நிறத்தை அழிக்கணுமோ அது உறிஞ்சற ஒளியை, சூடு பக்கத்துல பரவறதுக்கு முந்தி, சட்டுன்னு கொடுத்து நிறுத்து. இங்க உறிஞ்சறது ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின். ஆழமா இருக்கிற சிரைக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பொருத்தம். அது சில மில்லிமீட்டர் உள்ள போகும். நம்ம கறுப்புத் தோலோட மெலனின் அதைக் குறைவாத்தான் உறிஞ்சும்.

மரத்துப்போக ஒரு ஊசி. பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவுல ஈரத்துணி. எல்லாருக்கும் கண்ணாடி. அடிச்ச உடனே மேடு சாம்பல் நிறமாகிச் சுருங்கும். ரெண்டு நாள் வீக்கம், அப்புறம் பொருக்கு, ரெண்டு மூணு வாரத்துல ஆறிடும். சிலருக்கு ரெண்டாம் தடவை வேணும். சூடு அதிகமானா புண்ணோ தழும்போ வரும், அதனால பழகின கை வேணும். கத்தியால வெட்டி எடுத்தும் குணப்படுத்தலாம், ஆனா ரத்தப்போக்கும் தையலும் உண்டு.

என்னோட வாதம் இதுதான். நீள்துடிப்பு என்டி-யாக் மெஷினைத்தான் நிறைய கிளினிக்ல முடி நீக்கவும் வெச்சிருக்காங்க. மீசை எடுக்கற அதே கருவி, ஒரு மீனவரோட ரத்தம் வடியற உதட்டையும் சரி பண்ணும். கருவி ஒண்ணா இருக்கிறதால நோயும் அழகுக் கணக்குல எழுதப்படுது. ரத்தம் வடியறதும், பந்தியில உக்கார முடியாததும் அழகுப் பிரச்சினையா? அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுல லேசரை ஆடம்பரமா நினைக்காம, எக்ஸ்ரே மாதிரி தேவைன்னு பார்க்கணும்.

அதுக்காக உதட்டுல கறுப்புன்னா நேரா லேசர் கடைக்குப் போங்கன்னு நான் சொல்லலை. அமுக்கி வெளுக்காத கறுப்பு, ஆறாத புண், தடிச்ச வெள்ளைத் திட்டு, இதெல்லாம் வேற கதை. அதே வெயிலும் புகையிலையும் பீடியும் நிஜப் புற்றையும் கொண்டுவரும். அதுக்குச் சதைப் பரிசோதனை வேணும். தொட்டா நாடி மாதிரி துடிக்குதுன்னா அது தமனி சம்பந்தப்பட்டது, டாப்ளர் ஸ்கேன் பார்க்காம யாரும் தொடக்கூடாது. பச்சைக் குழந்தை உதட்டுல வர்ற ரத்தக்கட்டி இன்னொரு வகை. 2008ல பிரான்ஸ்ல கண்டுபிடிச்சதுக்கு அப்புறம், வளர்ந்து தொந்தரவு தர்றதுக்கு முதல்ல ப்ரோப்ரனலால் மருந்துதான். அமுக்கிப் பார்க்கிறது டாக்டர் வேலை. நீங்களே கண்ணாடி முன்னாடி நின்னு தீர்ப்பு எழுதாதீங்க.

கடலோரத்துல மருத்துவ முகாம் போடறவங்க சர்க்கரை பார்க்கறாங்க, பிபி பார்க்கறாங்க. அப்படியே உதட்டையும் மடிச்சுப் பாருங்க. அரை நிமிஷம் ஆகும். ஒண்ணு புற்றைச் சீக்கிரம் பிடிப்பீங்க, இல்லைன்னா ஒரு மனுசனோட பயத்தை இறக்கி வைப்பீங்க. உங்க வீட்டுல பெரியவங்க யாராவது வாயை மறைச்சுக்கிட்டுப் பேசினா, ஏன்னு கேளுங்க.