உதவித்தொகையும் சிகிச்சையே

கடுமையான உடல் இயலாமையுடன் ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், குடும்பத்தினர் எங்களிடம் பல கேள்விகள் கேட்கின்றனர். மாத்திரைகளை எத்தனை நாளுக்குத் தொடர வேண்டும், என்ன உணவு கொடுக்கலாம், மீண்டும் எப்போது அழைத்து வர வேண்டும், எழுந்து நடப்பாரா என்பன அவை. ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை. இவரை வீட்டில் பராமரிக்க ஆகும் செலவுக்கு என்ன வழி என்பதே அது. பணத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது முறையன்று என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கிறது. அது நம் வேலையன்று என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. இரண்டுமே சரியல்ல என்பது எங்கள் கருத்து. கடுமையான ஊனம் உடையவர்களுக்கு அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை தருமமும் அல்ல, சலுகையும் அல்ல. அது சிகிச்சையின் ஒரு பகுதி. அவ்வாறு கருதினால்தான் அதன் அளவும், அது வழங்கப்படும் முறையும் சீர்படும்.

ஓர் எளிய கணக்கிலிருந்து தொடங்கலாம். தண்டுவடக் காயத்தாலோ கடும் பக்கவாதத்தாலோ தாமாகப் புரண்டு படுக்க இயலாதவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணிக்கு ஒருமுறை நிலை மாற்றிப் படுக்கவையுங்கள் என்று நாங்கள் சொல்லி அனுப்புகிறோம். சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. செய்பவருக்கோ அது ஒரு நாளைக்கு 12 முறை. ஒரு மாதத்துக்கு 360 முறை. இரவில் மூன்று நான்கு முறையேனும் உறக்கம் கலைந்து எழ வேண்டும். இதனோடு சிறுநீர்க் குழாயைக் கவனித்தல், மலம் கழிக்கச் செய்தல், குளிப்பாட்டுதல், உணவு ஊட்டுதல், மூட்டுகள் இறுகாமல் பயிற்சி கொடுத்தல் ஆகியவையும் சேர்கின்றன. இவ்வளவையும் செய்பவர் வெளியே கூலி வேலைக்குச் செல்ல இயலாது. ஆகவே ஒருவர் படுக்கையில் விழும்போது அந்த வீட்டில் பெரும்பாலும் இரண்டு வருமானங்கள் நின்றுபோகின்றன. நோயாளியின் வருமானம் ஒன்று. மனைவி, தாய் அல்லது மகளின் வருமானம் மற்றொன்று. முதலாவது இழப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. இரண்டாவது இழப்பைக் கணக்கில் எடுப்பவர் இல்லை.

கிடைப்பது என்ன?

தமிழ்நாட்டில் இருவழியாக உதவி கிடைக்கிறது. பல குடும்பங்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கின்றன. ஒன்று, வருவாய்த் துறை வழியாக வரும் ஓய்வூதியம். 2023 ஜனவரி முதல் இது 1000 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மற்றொன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. 75 விழுக்காடும் அதற்கு மேலும் உடல் பாதிப்புடையோர், அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயிலிருந்து குணமடைந்து ஊனத்துடன் வாழ்வோர், தண்டுவடக் காயம், பார்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு உரியது இது. இதன் தொகை 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளருக்கென மேலும் 1000 ரூபாய் வழங்கவும் வகை செய்யப்பட்டது.

ஒன்றிய அரசின் பங்கையும் பார்க்க வேண்டும். இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுடையவர்களுக்கு அது தொடக்கத்தில் மாதம் 200 ரூபாய் தந்தது. 2012இல் அது 300 ரூபாய் ஆயிற்று. பத்தாண்டுகளுக்கும் மேலாக அத்தொகை அங்கேயே நின்றுவிட்டது. இன்று ஒன்றிய அரசின் பங்காக வரும் அந்த 300 ரூபாயைக் கொண்டு ஒரு வாரத்துக்கான டயபர் வாங்குவதே அரிது.

மாநிலம் தரும் 2000 ரூபாய் இதைவிட மேலானது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனாலும் அதை மேற்சொன்ன 360 முறைக்குப் பகிர்ந்து பாருங்கள். ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதற்கு ஐந்தரை ரூபாய் வருகிறது. மருந்து, டயபர், குழாய், போக்குவரத்து எதையும் அதில் சேர்க்கவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதற்குப் பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகை இயலாமைகளை அது ஏற்கிறது. அதன் 24ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, மற்றவர்களுக்கான அதே போன்ற திட்டங்களில் உள்ளதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1200 ரூபாய் ஆக்கப்பட்டது. அதில் 25 விழுக்காடு கூட்டினால் 1500 ரூபாய். அதாவது, வருவாய்த் துறையின் ஓய்வூதியம் சட்டம் வகுத்த கீழ்க்கோட்டின்மீதே நின்றது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை.

அதே பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கான படியையும் குறிப்பிடுகிறது. 38ஆம் பிரிவு, தமக்கு உயர் ஆதரவு தேவை எனக் கருதுபவர் அதற்காக விண்ணப்பிக்கலாம் என்கிறது. ‘எத்தனை விழுக்காடு ஊனம்’ என்ற கேள்வியோடு நிற்காமல், ‘அன்றாட வாழ்வுக்கு எவ்வளவு உதவி தேவை’ என்ற கேள்வியையும் சட்டம் எழுப்பியிருக்கிறது. நடைமுறைதான் இன்னும் முதற்கேள்வியைச் சுற்றியே பெரிதும் இயங்குகிறது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் உள்ளதன்று. இரு கால்களும் தொடைக்கு மேல் அகற்றப்பட்ட ஒருவரும், கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முறிந்து கைகளும் செயலிழந்த ஒருவரும் 75 விழுக்காட்டைத் தாண்டியவர்களே. முன்னவர் தக்க சக்கர நாற்காலியும் சாய்தளமும் கிடைத்தால் தாமே எழுந்து, குளித்து, வேலைக்கும் சென்று வரலாம். பின்னவருக்கு மூக்கின்மேல் அமர்ந்த ஈயை விரட்டவும் இன்னொருவர் கை வேண்டும். முன்னவருக்கு இப்போது தரப்படும் தொகையைக் குறைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பின்னவரின் தேவைக்கு இன்னொரு படி வேண்டும் என்கிறோம். கூடுதல் 1000 ரூபாய் அத்திசையில் வைத்த முதல் அடி. அதை அடியாகவே கருத வேண்டும், இலக்காகக் கருதலாகாது.

அண்டை மாநிலங்களின் அனுபவம் இங்கே பயன்படும். கேரளம், படுக்கையில் இருப்போரைக் கவனிப்பவருக்கு ‘ஆசுவாசகிரணம்’ என்ற திட்டத்தின்கீழ் மாதம் 600 ரூபாய் என வகுத்தது. தொகை சிறிதெனினும், கவனிப்பவரைத் தனி ஒருவராக அது அடையாளம் கண்டது. ஆந்திரம் 2024இல் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியத்தை 6000 ரூபாயாகவும், பக்கவாதத்தாலோ கடும் தசைச்சிதைவாலோ படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் முடங்கியவர்களுக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தியது. தேவைக்கேற்பப் படிநிலை வகுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

தொகை உயர்ந்தால் பொய்ச் சான்றிதழ்களும் பெருகும் என்று ஒரு வாதம் உண்டு. அது புறந்தள்ளத்தக்கதன்று. ஆந்திரத்திலேயே 2025இல் பயனாளிகளை மறுபரிசோதனை செய்ய மருத்துவக் குழுக்கள் அனுப்பப்பட்டன. சான்றளிக்கும் கை மருத்துவருடையது. ஆகவே அதன் நேர்மைக்குப் பொறுப்பும் மருத்துவருடையதே. பொய்யாக வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் உண்மையாகவே படுத்திருப்பவர்மீது ஐயத்தின் நிழலை வீழ்த்துகிறது. ஆனால் அந்த மறுபரிசோதனை இன்னொன்றையும் உணர்த்தியது. படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கே மருத்துவக் குழுக்கள் சென்றன. தகுதியைச் சரிபார்க்க வீடு தேடிச் செல்ல முடியுமாயின், தகுதியை வழங்கவும் வீடு தேடிச் செல்ல முடியும்.

நிதிச்சுமை என்பது இரண்டாவது வாதம். அரசு ஏற்கெனவே செலவிடும் இடத்தைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். ஆழமான படுக்கைப்புண்ணோடு ஒருவர் திரும்பி வந்தால் பல வாரங்கள் படுக்கை, தொற்றுக்கு மருந்து, சிலருக்கு ஒட்டறுவை சிகிச்சை எனச் செலவு பெருகுகிறது. எலும்புவரை புண் சென்று, தொற்று இரத்தத்தில் கலந்தால் உயிரும் போகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழிசெய்கிறது. புண் வந்த பின் லட்சங்களைச் செலவிட ஆயத்தமாக உள்ள நாம், புண் வராமல் காக்கும் கைக்குச் சில ஆயிரங்கள் தரத் தயங்குவது சிக்கனமன்று.

நாங்கள் வேண்டுவன

முதலாவது, உதவித்தொகையை விழுக்காட்டால் மட்டுமன்றி, ஒருவருக்கு நாள்தோறும் தேவைப்படும் உதவியின் அளவாலும் படிநிலைப்படுத்த வேண்டும். விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் அது தானாக உயரவும் வேண்டும். அறிவிப்புக்காகக் காத்திருக்கும் நிலை கூடாது.

இரண்டாவது, மதிப்பீடு வீட்டுக்கு வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டு வாசலிலேயே கிடைக்கின்றன. அவ்வாறு செல்லும் பணியாளர்கள் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தையும் தொடங்கிவைக்கலாம். எழ முடியாத ஒருவரை வாடகை வண்டியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டு செல்லச் சொல்வது, ஒரு மாதத் தொகையை ஒரே நாளில் செலவழிக்கச் சொல்வதாகும்.

மூன்றாவது, வீடு திரும்பும் நாளிலேயே உதவி தொடங்க வேண்டும். பாதிப்பு ஓரளவு நிலைபெற்ற பின்னரே நிரந்தரச் சான்றிதழ் வழங்க முடியும் என்பது மருத்துவ நியாயம். ஆனால் செலவு மிகுந்ததும், குடும்பம் இன்னும் கைப்பழக்கம் பெறாததும், புண் எளிதில் வருவதும் அந்த முதல் சில மாதங்களில்தான். அக்காலத்துக்கு, மருத்துவமனையின் பரிந்துரையை ஏற்று இடைக்கால உதவி வழங்கலாம்.

குடும்பத்தினருக்கு

இம்மாற்றங்கள் வரும்வரை, இருப்பதை விட்டுவிடாதீர்கள். ஊனச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும்தான் எல்லா உதவிகளுக்கும் வாயில். ஆதார் அட்டை, புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவமனை விடுப்புச் சுருக்கம், ஸ்கேன் அறிக்கைகள் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள். இ-சேவை மையத்திலோ, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமோ விண்ணப்பிக்கும்போது, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பராமரிப்பாளருக்கான கூடுதல் தொகையைப் பற்றித் தனியே கேளுங்கள். கேட்காவிடில் பலரும் சொல்வதில்லை. எந்தச் சான்றிதழுக்கும் இடைத்தரகரிடம் பணம் தராதீர்கள்.

மதிப்பீட்டுக்கு வரும்போது, நோயாளியால் இயலாதவற்றை உள்ளபடியே சொல்லுங்கள். பலர் தன்மானத்தால் ‘எல்லாம் அவரே செய்துகொள்வார்’ என்கிறார்கள். அருகில் நிற்கும் மனைவி ஒன்றும் பேசாமல் தலை குனிகிறார். அந்த மௌனம் ஏட்டில் ஏறுவதில்லை. இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், எந்த வேலையை விட்டீர்கள், உங்கள் முதுகு எப்படி வலிக்கிறது என்பதெல்லாம் மருத்துவர் அறிய வேண்டிய செய்திகளே.

உதவித்தொகை வாங்குவதை இழிவெனக் கருதும் முதியவர்கள் எங்களிடம் நாள்தோறும் வருகிறார்கள். உழைத்து உண்டவர்களின் கூச்சம் அது. அதை நாங்கள் மதிக்கிறோம். அவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான். இத்தொகை நீங்கள் படுத்திருப்பதற்காக உங்களுக்கு இடப்படும் பிச்சையன்று. உங்கள் பக்கத்தில் விழித்திருப்பவரின் உழைப்புக்கு இந்தச் சமுதாயம் செலுத்த வேண்டிய கடன். அக்கடனின் ஒரு சிறு பகுதியே இப்போது கைக்கு வருகிறது. அதைப் பெற்றுக்கொள்ளுங்கள், மீதியையும் கேளுங்கள். கேட்பதற்கு வேண்டிய சான்றை எழுதித் தருவது எங்கள் கடமை. எங்கள் துறையில் எவரை வீட்டுக்கு அனுப்பும்போதும், மருந்துச் சீட்டோடு உதவித்தொகைக்கான மருத்துவப் பரிந்துரையையும் கேட்டுப் பெறுங்கள்.